மறுமொழி சொல்ல ஒரு ஆள்

ரொறன்ரோவில், மல்வேர்னில் நாங்கள் இருந்த கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது. அந்த அறைக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் கூரையோடு ஒட்டி. வெளியில் அது நிலத்தோடு நிலமாக இருக்கும். உள்ளே இருந்து அண்ணாந்து பார்த்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பனிக்காலத்தில் பாதிக் கண்ணாடியைப் பனி மூடிவிடும். அப்போது உள்ளே வருகிற வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும். காயவைக்கும் மெசின்கள் சுற்றுகிற சத்தம், சூடான துணியின் மணம், அந்த வெளிச்சம். அங்கே இருந்தால் எனக்கு நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ மிதக்கிற மாதிரி.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் செவ்வாய்க்கிழமை காலையில் நான் கூடையோடு இறங்குவேன். அந்த நேரம் வேறு யாரும் வரமாட்டார்கள். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை. தமிழ் ஆட்கள் கதை கொடுத்தாலே நிலத்தைப் பார்க்கிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வாய் அதற்கும் முன்னமே மூடிக்கொண்டுவிட்டது என்று அம்மா சொல்லுவா.

ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். நல்ல உயரம், நல்ல கறுப்பு. இடுப்பில் பூப்போட்ட துணி சுற்றி, தலையிலும் துணி கட்டி, மேலே தன் மகனுடைய பழைய விண்டர் ஜாக்கெட் போட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கூடையை வைத்துவிட்டு என் முன்னால் நேராக வந்து நின்று, எதையோ சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் சிரித்தேன்.

அவர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், தனக்குத்தானே, சின்னதாக ஒன்று சொன்னார். உடனே பழைய குரலில் இன்னொன்று. மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் தாழ்ந்த குரல். இப்படிக் கனநேரம் போனது. முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு உடுப்புகளைப் பிரிக்கத் தொடங்கினார். ஏதோ பிரார்த்தனை, துணி தோய்க்க முன்னமும் கடவுளைக் கும்பிடுகிற சனம் போலும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாயும் வந்தார். அதே பிரார்த்தனை. அதற்கடுத்த செவ்வாயும். பிறகு எனக்கு அது பழகிவிட்டது. அவர் வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவருவார், நான் பயத்தம் உருண்டை கொண்டுபோவேன். துணி சுற்றி முடியும்வரை அவர் தன் மொழியில் கதைப்பார். நானும், வெட்கத்தை விட்டு, தமிழில் கதைப்பேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது என்பதால்தானோ என்னவோ, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கதைத்தது அந்த அறையில்தான். நான் அவரை அக்கா என்றேன். அது என் பெயர் என்று நினைத்தாரோ தெரியாது, அவரும் என்னை அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார். யார் மூத்தவர் என்று கடைசிவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

அவருடைய மொழியின் சில எழுத்துகளைத் தமிழில் எழுத முடியாது. ககரமும் பகரமும் ஒன்றாக, தொண்டையும் உதடும் ஒரே நேரத்தில் திறக்கிற மாதிரி ஒரு ஓசை. தண்ணீருக்குள் இருந்து ஒரு குமிழி வந்து உடைகிற மாதிரி. அதோடு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஏற்றமோ இறக்கமோ இருக்கும். எங்களுக்கு இராகம் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும்தான். அவருக்குச் சவர்க்காரம் கேட்கவும் இராகம் வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தப் பிரார்த்தனையின் முதல் இரண்டு வரியையும் சொல்லிப் பார்ப்பேன். அந்தக் குமிழி ஓசை கனநாள் வரவில்லை. ஒருநாள், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, தானாக வந்தது. கண்ணாடியில் என் வாயைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அது பிரார்த்தனை இல்லை என்று எனக்கு லிஃப்டில்தான் தெரியவந்தது. அக்காவின் மகன் எங்களோடு ஏறினான். கிழமை நாட்களில் ஃபாக்டரியிலும் சனி ஞாயிறில் டாக்ஸியிலும் வேலை செய்கிற, எப்போதும் களைத்த முகம் உள்ள நல்ல பிள்ளை. என் மருமகள் அவனோடு இங்கிலீஷில் கதைத்தாள். ஆறாம் மாடி வந்தபிறகும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கதைத்தாள். பிறகு எனக்குச் சொன்னாள்.

"மாமி, அது நலம் விசாரிக்கிறதாம். நித்திரை எப்பிடி, வீடு எப்பிடி, வீட்டில உள்ள ஆக்கள் எப்பிடி, வேலை எப்பிடி, குளிர் எப்பிடி எண்டு ஒண்டொண்டாக் கேக்கிறதாம். ஒவ்வொண்டுக்கும் மற்றவ மறுமொழி சொல்ல வேணுமாம். நீங்கள் சொல்லாமல் நிண்டா அவவே உங்கட பங்கையும் சொல்லுறாவாம்."

"ஐயோ, நான் என்னத்தைக் கண்டன்!"

"உங்களுக்கு மட்டுமில்லை. மகனுக்கும் அப்பிடித்தானாம். அவன் 'ஃபைன் மம்மா' எண்டிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவானாம். சொல்லிச் சிரிக்கிறான். ஆனா முகம் சிரிக்கேல்லை."

நைஜீரியாவின் நடுப்பக்கத்தில், அக்வாங்கா என்ற ஊரைச் சுற்றி உள்ள குன்றுப் பக்கத்து ஆட்களாம் அவர்கள். மொழிக்கும் ஆட்களுக்கும் ஒரே பெயர், மாடா. அந்த நாட்டில் மொழிகள் எண்ணி முடியாதாம். சந்தைக்குப் போனால் ஹவுசா, பள்ளிக்கூடம் போனால் இங்கிலீஷ், வீட்டுக்கு வந்தால்தான் மாடா. அவனுடைய மனைவி அதே நாட்டின் தெற்குப் பக்கம், அவளுக்கு மொழி வேறு. ஆகவே வீட்டுக்குள் இங்கிலீஷ்தான். அவனும் சின்ன வயதிலேயே படிக்கப் பட்டணம் போனவன். கேட்டால் விளங்கும், பதில் சொல்லப் போனால் நாக்கு இங்கிலீஷுக்கு வழுக்கிவிடும்.

இராச்சாப்பாட்டில் மருமகள் இதைச் சொன்னபோது மகன் விட்டானா?

"மாடா? பசுமாடா, எருமைமாடா?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு," என்றேன். "உன்ர பாசையை ஆரும் உப்பிடிச் சொன்னா உனக்கு எப்பிடி இருக்கும்?"

மகன் கரண்டியோடு என்னைப் பார்த்தான். நான் சாப்பாட்டு மேசையில் அவ்வளவு நீளமாகக் கதைத்து அவன் கண்டதில்லை.

அப்போதுதான் மருமகள் மிச்சத்தையும் சொன்னாள். அக்காவுக்கு மறுமொழிகள் மறந்துகொண்டு வருகிறதாம். கேள்விகள் நிற்கின்றன, பதில்கள் நழுவுகின்றன. இரண்டு பங்கையும் ஒருவரே சொல்லிச் சொல்லி, எது எதற்குரியது என்று குழம்பிவிட்டதாம். "என்ர வாயில பாதி காய்ஞ்சு போச்சு" என்று மகனிடம் சொன்னாராம். நகரத்தின் மற்றக் கரையில், பார்க்டேலில், அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சர்ச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சனிக்கிழமை மத்தியானம்வரை வீட்டில் நிற்பாள். மகன் ஒருமுறை டாக்ஸியில் போகும்போது அந்தக் கட்டடத்தை அக்காவுக்குக் காட்டினானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் அக்கா உடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாராம். அவன் ஒவ்வொரு சனியும் அடுத்த சனி என்பானாம்.

"பார்க்டேல் எனக்குத் தெரியும்," என்றேன்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் நாங்கள் பார்க்டேலில்தான் இருந்தோம். அங்கே இருந்து இங்கே வந்தபிறகும் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க மகனோடு இரண்டொரு தரம் பஸ்ஸிலும் ரயிலிலும் போயிருக்கிறேன். எங்கே ஏறி எங்கே இறங்குவது என்பது எனக்குக் காலில் இருந்தது.

"மாமி," என்றாள் மருமகள், "நீங்கள் லிஃப்டுக்குள்ளயே மற்றவை வந்து பட்டனை அமத்துமட்டும் நிக்கிற ஆள்."

"அமத்தத் தெரியும். அவசரமில்லை எண்டு நிக்கிறனான்."

"வழி மாறினா என்னம்மா செய்வியள்?" என்றான் மகன்.

"ஆரும் ஒரு தமிழாள் வரும்தானே. ரொறன்ரோதானே உது."

மருமகள் அவர் மகனிடம் சொல்லிவைக்க, அடுத்த சனிக்கிழமை காலை அக்கா எங்கள் கதவைத் தட்டினார். பங்குனி மாதம். பனி உருகுகிற நேரம். அக்கா நீலத்தில் வெள்ளைப் பறவைகள் பறக்கிற துணியை இடுப்பிலும் தலையிலும் கட்டியிருந்தார். ஜாக்கெட்டைத் திறந்து எனக்குக் காட்டினார். நான் சேலைக்குக் கீழே இரண்டு சோடி காலுறையும் சப்பாத்தும் போட்டிருந்தேன். பஸ் டோக்கன்களைக் கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்தேன். வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, அந்தக் கிழமை மட்டும் இரவு வேலைக்குப் போய் முடித்து வந்து நித்திரைக் கண்ணோடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் உள்ளே இருந்து கேட்டாள்.

"எங்க மாமி போறியள்?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். வெளிக்கிட்டுப் போகிற ஆளை எங்கே என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் ஆகாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம்.

ஆனால் அக்கா என்ன செய்தார்? முகம் மலர, வாசலுக்குள் தலையை நீட்டி, மருமகளுக்குத் தன் மொழியில் நீளமாக விடை சொன்னார். கையால் தூரத்தைக் காட்டினார், மலையை ஏறி இறங்குகிற மாதிரிக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். பிறகு அவர் மகன் சொல்லித்தான் விளங்கியது. அவர்களிடம், வெளிக்கிடுகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்பதுதான் அன்பாம். கேட்காமல் விட்டால் ஏதோ கோபம் என்று அர்த்தமாம். தமிழ் விளங்காமலே, குரலை வைத்து, கேள்வியைப் பிடித்துக்கொண்டார்.

நான் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். சோபாவில் இருத்தினேன். நானும் இருந்தேன்.

"ஐயோ மாமி, வாய் தவறி வந்திட்டுது. தெரியும்தானே எங்க போறியள் எண்டு. நித்திரை மயக்கம்."

"தண்ணி கொண்டா."

"கனடாவில உதெல்லாம் பாக்கிறேல்லை மாமி."

"ஏன், சாமிக்கு விசா கிடைக்கேல்லையோ?"

மருமகள் சிரித்துக்கொண்டு இரண்டு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். அக்கா என்னைப் பார்த்தார், கிளாசைப் பார்த்தார், மரியாதைக்கு அவரும் குடித்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். புதிதாக வெளிக்கிடுகிற மாதிரி எழும்பி, "போட்டு வாறம்" என்று நான் சொல்லி, வாசலைத் தாண்டினோம். கீழே போய்ச் சேர்ந்தபோது பஸ் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பஸ். ஒன்று போனால் மற்றது எப்போது என்று அதற்கே தெரியாது. குளிரில் நின்றோம்.

பஸ், பிறகு வீடுகளின் கூரைக்கு மேலால் போகிற சின்ன ரயில், பிறகு நிலத்துக்குக் கீழே போகிற பெரிய ரயில். மாறி ஏறத் தந்த ட்ரான்ஸ்ஃபர் துண்டை நான் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். அது ஈரமாகிவிட்டது. அக்கா யன்னல் பக்கம் இருந்தார். கூரைகளில் இருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வானமும் பனியும் ஒரே நிறம். ரயில் ஓடுகிறதா, வெளியில் உள்ளதெல்லாம் எங்களைக் கடந்து மிதக்கிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது.

அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நலம் விசாரிக்கிறதை அவர் சொல்லிப் பார்க்கிறார். ஒரு கேள்விக்கு வலது முழங்காலில் ஒரு தட்டு, ஒரு மறுமொழிக்கு இடது முழங்காலில் ஒரு தட்டு. வலம், இடம், வலம், இடம். ஒரு இடத்தில் வலது கை தட்டியது, இடது கை எழும்பி அப்படியே நின்றது. அந்தரத்தில் நின்றது. அவர் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் கை நின்றது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து கண்ணாடி கறுப்பானபோது, அந்தக் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் யோசிக்கிறவர்களுக்கு வருகிற பார்வை. நான் கையை நீட்டி, அந்தரத்தில் நின்ற அவர் கையை எடுத்து மெதுவாக முழங்காலில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

கடைசியாக, வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்கார். ஏரியில் இருந்து வெள்ளையாகப் புகார் ஏறி வீதியை மூடியிருந்தது. கடைகளின் எழுத்துகள் பாதி தெரியும், பாதி தெரியாது. நாங்கள் முன்னம் இருந்த கட்டடத்தைக் கடந்தோம் என்று நினைக்கிறேன். பழைய சனம் எல்லாம் அந்தப் புகாருக்குள் இன்னும் நடந்து திரிகிற மாதிரி இருந்தது. அக்கா திடீரென்று என் தோளைப் பிடித்தார். இதுதான். பழுப்பு நிற உயரக் கட்டடம்.

ஸ்ட்ரீட்காரின் படி உயரம். இறங்கும்போது அக்காவின் முழங்கால் பிடித்துவிட்டது. ஒரு அடி வைக்க முடியவில்லை. எதிரில் ஒரு டோனட் கடை. நான் அவரைத் தாங்கிக்கொண்டுபோய் அதற்குள் இருத்தினேன். அவர் தலைக்கு மேலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். மத்தியானம் கடந்துகொண்டிருந்தது. என் முதுகில் கை வைத்து, கட்டடத்தைக் காட்டி, போ என்று தள்ளினார்.

தனியாக. நான்.

வீதியைக் கடந்தேன். கட்டடத்தின் வாசலில் ஒரு சுவர் நிறையப் பட்டன்கள். எதை அமத்துவது? உள்ளே ஒருவர் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் மீசையைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர் கதவைத் திறந்தார்.

"ஆரைத் தேடுறியள், அம்மா?"

"தம்பி, இஞ்ச ஒரு ஆபிரிக்கப் பிள்ளை இருக்கிறா. வயசுபோன ஆக்களைப் பாக்கிற இடத்தில வேலை."

"ஆபிரிக்க ஆக்கள் மாடிக்கு ரெண்டு பேர் இருக்கினம். எந்த நாடு?"

"நைஜீரியா. மாடா கதைக்கிறவ."

"அப்பிடி ஒரு பாசையோ! நான் எல்லாப் பாசையிலயும் 'வாடகை' எண்டு சொல்லுவன், உது கேள்விப்படேல்லை." துடைப்பத்தில் நாடியை ஊன்றி யோசித்தார். "ஒருத்தி இருக்கிறா. ஒருத்தரோடையும் கதையில்லை. சிரிப்பா, போவா. சனிக்கிழமையும் வேலைக்குப் போறவ. எட, இப்பதானே என்னைக் கடந்து போனவ! கால் தடம்கூடக் காயேல்லை. உதில பாருங்கோ, உந்தச் சிவப்புப் பை. கெதியாப் போங்கோ, அம்மா!"

வெளியில் வந்தேன். புகாருக்குள் ஒரு சிவப்புப் பை மட்டும் தெரிந்தது. அது தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் ஸ்ட்ரீட்காரின் ஒற்றை விளக்கு, மஞ்சளாக, பெரிதாகிக்கொண்டு வந்தது. எனக்கு ஓடத் தெரியாது. சேலை, ஈரப் பனி, இந்த வயது. கூப்பிட வேண்டும்.

போகிற ஆளைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. எங்கே என்று கேட்பதைவிட அது பெரிய குற்றம். வேலைக்குப் போகிற ஒரு பிள்ளை, யாரென்று தெரியாத பிள்ளை, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கூப்பிடுவதா? அதோடு நான் எப்போது யாரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்? சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட மகனுடைய அறைக் கதவில் போய்ச் சுரண்டுகிற ஆள். ஆனால் காலையில் நான் பார்த்த சகுனம்தான் அந்தப் பஸ்ஸை விட வைத்தது, அதுதான் இந்தப் பிள்ளையை எனக்கு முதுகு காட்ட வைத்தது. அக்காவின் கை அந்தரத்தில் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"பிள்ளை!" என்று கத்தினேன்.

மரக்கறிக் கடை வாசலில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். "என்னையோ, அன்ரி?" அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் திரும்பினாள். பார்க்டேலில் தமிழில் கத்தினால் வேறென்ன நடக்கும்? சிவப்புப் பை திரும்பவில்லை. விளக்கு இன்னும் பெரிதாகியது.

அப்போது வாய் தானாகத் திறந்தது. தொண்டையும் உதடும் ஒன்றாக. குளியலறையில் சொல்லிப் பார்த்தது, செவ்வாய்க்கிழமைகளில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனது. நித்திரை எப்படி என்று கேட்கிற அந்த முதல் வரி. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, வீதிக் கரையில் இருந்து நான் அதைக் கூவினேன்.

சிவப்புப் பை நின்றது.

அவள் திரும்பவில்லை. முதுகு அப்படியே எனக்குத்தான். ஆனால் மறுமொழி வந்தது. சின்னதாக, தாழ்ந்த குரலில், கனவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நித்திரைக்குள் இருந்தே ஓம் என்போமே, அப்படி. அது வந்தபிறகுதான் அவள் திரும்பினாள். என் தலைக்கு மேலால் பார்த்தாள், எனக்கு வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். யார் கேட்டது என்று தேடினாள். மரக்கறிக் கடைப் பெண்களை விட்டால், அங்கே சேலையும் சப்பாத்துமாக நின்ற குள்ளமான ஒரு கிழவியைத் தவிர வேறு யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்த இரண்டாவது வரியையும் சொன்னேன். வீடு எப்படி?

அவள் மறுமொழி சொன்னாள். கண் அகன்று போய், வாயில் கை வைத்துக்கொண்டு, விரல்களுக்கு நடுவால் சொன்னாள். ஸ்ட்ரீட்கார் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது.

மூன்றாவது வரி எனக்குத் தெரியாது. கிட்டப் போய் அவள் கையைப் பிடித்து, "கம்," என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அன்றைக்கு உதவியது அது ஒன்றுதான்.

வெண்டிக்காய்க்காரி, "ஆர் அன்ரி அவ, சொந்தமோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

டோனட் கடைக்குள் போனதும் அக்கா எழும்பப் பார்த்தார். கால் விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். அவள் கதவடியிலேயே குனிந்துவிட்டாள், முழங்கால் கிட்டத்தட்ட நிலத்தில் முட்ட. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை போல. அக்கா தொடங்கினார்.

அதுவரை நான் அந்த மொழியை ஒரு பக்கமாகத்தான் கேட்டிருந்தேன். இப்போதுதான் முழுதாகக் கேட்டேன். அது நான் நினைத்த மாதிரி இல்லை. ஒருவர் கேட்டு முடித்து, மற்றவர் பொறுத்து நின்று சொல்வதில்லை. கேள்வி முடிய முன்னமே மறுமொழி தொடங்கிவிடுகிறது. மறுமொழி முடிய முன்னமே அடுத்த கேள்வி. ஒரே உரலில் இரண்டு பெண்கள் இரண்டு உலக்கையால் மாறி மாறி இடிக்கிற மாதிரி. ஒன்று எழும்பும்போது மற்றது விழும், ஒன்றில் ஒன்று முட்டாது. கோப்பிக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கடைக்காரப் பெண் ஒரு டோனட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

திடீரென்று ஒரு உலக்கை நின்றது. அக்கா கேட்க, அவள் சொல்ல, அவள் திருப்பிக் கேட்க, அக்காவுக்கு வாய் திறந்தபடி நின்றது. இடது கை அந்தரத்தில். அந்த இடம். அந்தப் பெண் முன்னால் வளைந்து, மெதுவாக, ஒரு சொல்லைச் சொன்னாள். அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கோப்பி தெறித்தது. அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார், வாயில் போட்டு உருட்டுகிற மாதிரி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து அந்தப் பெண்ணும் ஒரு இடத்தில் தடக்கினாள். அதை அக்கா எடுத்துக்கொடுத்தார். எத்தனை வருடம் யாரும் அவளை அந்த இடம்வரை கேட்கவில்லையோ.

அவளுக்கு வேலைக்குப் பிந்திவிட்டது. அடுத்த ஸ்ட்ரீட்காரின் விளக்கு தெரிந்ததும் எழும்பினாள். என் இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொன்னாள், நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் கதவைத் தாண்டிப் போகிறாள், அக்கா பின்னால் இருந்து கூப்பிடுகிறார். உரத்த குரலில், ஒன்றன்பின் ஒன்றாக, ஏதேதோ கேட்கிறார். நான் அக்காவின் கையை எட்டிப் பிடித்தேன். ஆனால் அவள் பின்பக்கமாகவே நடந்து, சிரித்து, விடை சொல்லிக்கொண்டே போய் ஸ்ட்ரீட்காரில் ஏறினாள். ஏறின பிறகும் யன்னலுக்குள் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அக்கா என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். வெள்ளைப் பறவைத் துணி என் காதில் உரசிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் முழங்காலில் சும்மா கிடந்தன.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் வாசலில் நின்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அவளும் பயந்துபோயிருந்தாள். "காரியம் சரியோ மாமி?" என்றாள். "தொண்டை அடைச்சுப்போச்சு. தேத்தண்ணி தா," என்றேன். "உங்களுக்கோ? தொண்டையோ?" என்று அவள் கேட்டதை மகன் கனநாள் சொல்லிச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. யன்னலில் பனி உருகி, கால்கள் மறுபடியும் தெரியத் தொடங்கியிருந்தன. நான் முந்திப் போய்த் துணியைப் போட்டுவிட்டு இருந்தேன். அக்கா தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்சம் நொண்டினார். கூடையை வைத்தார். என் முன்னால் வந்து நேராக நின்றார். நானும் எழும்பி நின்றேன்.

அவர் தொடங்கினார். நித்திரை எப்படி? அவர் நிறுத்தும்வரை நான் காத்திருந்தேன், அந்தப் பெண் சொன்ன சின்ன மறுமொழியைச் சொன்னேன். இராகம் பிழைத்துவிட்டது போல. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மெசினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, முகத்தை நேராக்கி, இரண்டாவதைக் கேட்கத் தொடங்கினார். மெசின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் கேட்டு முடிய முன்னமே, நான் மறுமொழியைத் தொடங்கினேன்.